மற்றும் பலரில் ஒருவர்

அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறவர். வீட்டில் அவருக்கு ஒரே கொள்கைதான்: எந்த வேலையும் தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னால், "எனக்குக் கை வராதும்மா" என்பார். குழாய் ஒழுகினாலும் அதே பதில். துணி துவைக்கும் மெஷின் பிழியும்போது குதித்துக் குதித்துக் குளியலறை முழுக்க நடக்கும். ஒருநாள் அது கதவை அடைத்துக்கொண்டு நின்றதில் மனைவி உள்ளே மாட்டிக்கொண்டாள். வெளியே நின்று அவர் சொன்ன ஆறுதல், "மெஷினுக்கு வயசாயிடுச்சு."

அதே மனுஷன் கேரம் சங்கத்தில் வேறு ஆள். வருடாந்திரப் போட்டி நடக்கும் மண்டபத்தில் தரை ஒரு பக்கம் இழுக்கும். மேஜைக் கால்கள் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாதவை. பலகை துளி சாய்ந்தாலும் காய் தன் இஷ்டத்துக்கு ஓடும். ஆகவே இவர் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மேஜைக்கடியிலும் தவழ்வார். மடித்த அட்டையைக் காலுக்கடியில் செருகி, மட்டத்தின் குமிழி நடுவில் நின்ற பிறகுதான் எழுந்திருப்பார். ஆட்டக்காரர்கள் அவரை ரசமட்டம் என்றே கூப்பிட்டார்கள்.

இது மனைவிக்குத் தெரியாது. தெரிந்தால் மெஷின் பக்கம் கையைக் காட்டுவாளே!

"அங்க அப்படி என்னதான் பண்றீங்க?"

"முக்கியமான பொறுப்பு."

"என்ன பொறுப்பு?"

"அது... பொதுவா."

"சரி, இந்த வருஷம் நானும் வரேன். நன்றி சொல்றப்ப உங்க பேரைச் சொல்றாங்களான்னு பாக்கறேன். சொல்லலேன்னா அடுத்த வருஷம் போட்டி அன்னிக்கு நாம எங்க அண்ணன் வீட்டுக்கு."

அந்த அண்ணன் தன் மூட்டுவலியைப் பற்றிச் சாப்பாட்டுக்கு முன்பும் பின்பும் பேசக்கூடியவர். வருடம் முழுக்கத் தலை நிமிராமல் பில் போடும் மனிதருக்கு, தன்னை யாரோ தேடுகிறார்கள் என்ற நினைப்பு வரும் நாள் அந்தப் போட்டி நாள் ஒன்றுதான்.

சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதால் இறுதி ஆட்டத்துக்கு முன்பே நன்றியுரை. மைக் கிடைத்தால் விடாத செயலாளர் விருந்தினருக்கு நன்றி சொன்னார், அவருடைய டிரைவருக்கும் சொன்னார், டீ கொடுத்தவருக்கும் திரை கட்டியவருக்கும் சொன்னார், போகாமல் இருந்த கரண்டுக்கும் சொன்னார். "மற்றும் பலருக்கும் நன்றி" என்று முடித்தார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "அந்த மற்றும் பலர் நீங்கதானா?"

"ம்."

"அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

விருந்தினர் போட்டோவுக்காக இறுதி ஆட்ட மேஜையில் நன்றாகச் சாய்ந்து நின்றுவிட்டுக் கிளம்பினார். அட்டை நழுவிவிட்டது. இறுதி ஆட்டக்காரி ஸ்ட்ரைக்கரை வைத்தாள், அது மெல்ல நகர்ந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"பலகை சாயுது. ரசமட்டம் அண்ணனைக் கூப்பிடுங்க."

"ரசமட்டம் எங்கப்பா?" என்று மண்டபமே கேட்டது. செயலாளர் மைக்கிலேயே கூப்பிட்டார்.

இவர் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். எழுந்தால் இருபது வருடக் குட்டு உடையும். எழாவிட்டால் அண்ணனின் மூட்டு. அதற்குள் ஆட்டக்காரி இவரைப் பார்த்து, "அண்ணே, வாங்க" என்றாள். அப்படிக் கூப்பிட்டால் எப்படி உட்கார்ந்திருப்பது? போனார், தவழ்ந்தார், அட்டையைச் செருகினார். குமிழி நடுவில் நின்றது. மண்டபம் கைதட்டியது. அவர் பெருமையாக மனைவியைத் தேடினார். அவள் கைதட்டவில்லை. அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் அவள் குளியலறையைக் காட்டினாள். அவர் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். சற்று நேரத்தில் மெஷின் முழு வேகத்தில் பிழிந்தது. இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

அவள் தண்ணீர்க் குவளையை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு செயலாளர் குரலில் ஆரம்பித்தாள். "இந்த மெஷினை நிக்க வெச்ச எங்க ரசமட்டத்துக்கு நன்றி. பலருக்கெல்லாம் இல்ல. இவர் ஒருத்தருக்குத்தான்."

அவர் ஏதோ சொல்ல எழப் போனார்.

"எழுந்திரிக்காதீங்க. அடுத்த வருஷமும் போங்க, நானே அனுப்பி வைக்கறேன்" என்றாள் அவள். "இப்ப அப்படியே தவழ்ந்து அந்த ஆடற கட்டிலுக்கடியிலயும் போயிட்டு வந்துடுங்க."