லாய் என்றொரு குரல்

குஞ்சம்மாவுக்குத் தாயிடமிருந்து மிஞ்சியது ஒரே ஒரு சொல். லாய்.

சைகோனுக்குப் பிழைக்கப் போன அப்பா, அங்கே ஒரு வியட்நாம்காரியோடு குடும்பம் நடத்தி, அவள் செத்ததும் குழந்தையோடு கப்பலேறிக் காரைக்கால் வந்தவர். சாகும்வரை அவளைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டால், மூச்! ஆனால் மழை பெய்யும்போதெல்லாம் குஞ்சம்மாவின் காதுக்குள் ஒரு பெண்குரல் வரும். ஓர் இரும்புக் கதவு, சேறு, ‘லாய்’ என்று ஒரு கூப்பாடு. அம்மா தனக்கு வைத்த பெயர் அதுதான் என்று அவள் நம்பினாள். அவள் இருந்த கோவில்பத்து முழுக்க ‘சைகோன்காரி’ என்று கேலி பேசினாலும், எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, போங்கடா என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டாள். யாரிடமும் சொன்னதில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் அவளுடைய பசு, மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போட்டு ஒரு கிடேரி ஈன்றது. திமில் இல்லை, உடம்பெல்லாம் செவலைத் திட்டு. அந்த மாதிரிக் கலப்பினக் கன்றை ஊரில் ‘கிராசு’ என்பார்கள். பிள்ளை இல்லாத குஞ்சம்மா அதற்குத் தன் பெயரையே வைத்தாள். விடிந்தால் அடைந்தால் லாய், லாய்தான்.

ஒருநாள் பால் வாங்க வந்த நூகு அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். சைகோனில் துணிக்கடை வைத்திருந்து, அங்கே சண்டை முடிந்ததும் வெறுங்கையோடு ஊர் திரும்பியவன்.

“பொருத்தமாத்தான் பேர் வச்சிருக்கீங்கக்கா. அங்க கலப்புக்கு லாய்னுதான் சொல்லுவாங்க. நாய்க்கும், மாட்டுக்கும்.”

குஞ்சம்மா பால் செம்பைக் கீழே வைத்தாள்.

“புள்ளைங்களயும் சொல்லுவாங்களா தம்பி?”

அப்போதுதான் அவன் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“தெருவுல சொல்லுவாங்க. வாய்க்கொழுப்பு எடுத்ததுங்க.”

“பெத்தவ சொல்லுவாளா?”

“தவ்பா, அல்லா மன்னிக்கணும், சொல்ல மாட்டாக்கா. ஆனா நீட்டாம, அதையே குரலக் கீழ அமுக்கிச் சொன்னா அர்த்தம் வேற. புள்ளைய ‘இங்க வா’ன்னு கூப்பிடுறது. உங்க காதுல விழுந்தது எப்படி? நீட்டியா, அமுக்கியா?”

அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டது அம்மாவா, ஏசியது அடுத்த வீட்டுக்காரியா? மழை வரட்டும், கேட்டுவிடலாம் என்று காத்திருந்தாள்.

ஐப்பசியில் மழை வந்தது. குரலும் வந்தது. ஆனால் அது பழைய பெண்குரல் இல்லை. கன்றைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்துபோன, அவளுடைய சொந்தக் குரல் அது.

நனைந்துகொண்டே கொட்டிலுக்குப் போய் நின்றாள். முதலில் நீட்டிச் சொன்னாள். பிறகு அமுக்கிச் சொன்னாள். இரண்டுக்கும் கன்று வந்தது.