சுப்புத்தாயின் மொச்சைத் துவையல்

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் போன வாரம் விருதுநகருக்கு வந்திருந்தாள். பையில் ஒரு தகர டப்பாவும் வந்திருந்தது. உள்ளே வேகவைத்த கறுப்புப் பயறு. அதைப் பூண்டும் எலுமிச்சையும் சேர்த்து மிக்சியில் அரைத்தால் 'டிப்' என்று ஒன்று கிடைக்குமாம். கேரட்டை நீளமாக நறுக்கி அதில் தொட்டுத் தின்ன வேண்டுமாம். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் படித்தேன். யார் வேகவைத்தது, எந்தத் தண்ணீரில் வேகவைத்தது என்று ஒரு வரி இல்லை. தேதி மட்டும் இருந்தது. பழைய தேதிக்கு மேல் புதுசை ஒட்டியிருப்பார்களோ என்று நகத்தால் சுரண்டியும் பார்த்தேன்.

"எம்மா, நீ எதையாச்சும் சந்தேகப்படாமத் தின்னுருக்கியா?" என்றாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அவள் கேட்டது நியாயம்தான். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை ஒரு சொட்டு சுவரில் வழியவிட்டுப் பார்ப்பவள் நான். ஆட்டோவில் ஏறினால் வழி தெரிந்த ஊரிலேயே வழி பார்த்துக்கொண்டு வருவேன். பக்கத்து வீட்டுக்காரர் பொங்கல் கொடுத்தனுப்பினால், கொடுத்தவர் முகத்தை ஒருமுறை மனசுக்குள் கொண்டுவந்து பார்க்காமல் வாயில் வைக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் இதையெல்லாம் வியாதி என்பார். அவர் சொல்வதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

டப்பாவை அலமாரியில் ஏற்றிவிட்டு, "மொச்சை இருக்கு, அதுல செஞ்சு தாரேன்" என்றேன். ஒரு டம்ளர் வெள்ளை மொச்சையை முந்தின நாளே ஊறப்போட்டேன். காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை எடுத்து, வண்டு ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, குக்கரில் நாலு விசில் விட்டேன். கொஞ்சமாகச் செய்வதுதான் கஷ்டம். பெரிய குடும்பத்துக்கு அரைத்தால் ஆட்டுரல் அதன் பாட்டுக்கு அரைக்கும்; ரெண்டு பேருக்கு அரைக்கும்போது சின்ன ஜாரில் எல்லாம் தெறித்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பிளேடு வெறுமனே சுற்றுகிறது. நிறுத்தி, வழித்துவிட்டு, மொச்சை வெந்த தண்ணீர் ஒரு கரண்டி ஊற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். பூண்டு, வறுத்த மிளகாய் வத்தல், துளி புளி, கடைசியில் நல்லெண்ணெய். மூடியைத் திறந்ததும் வெந்த மொச்சையும் பச்சைப் பூண்டுமாக ஒரு வாசனை வந்தது. அதில் அச்சு மையின் வாடை மட்டும்தான் இல்லை. இருந்திருந்தால் அப்படியே சிவகாசியில் நான் வேலை பார்த்த பிரஸ்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் அந்தப் பிரஸ்ஸில் இருந்தேன். அப்போது எங்கள் வீடு ஆமத்தூரில். காலையில் பஸ் பிடித்துப் போய், பட்டாசுப் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள்களை எண்ணிக் கட்டுப் போடுகிற வேலை. விரல் நுனியில் எப்போதும் ஒரு கலர் ஒட்டியிருக்கும். சோற்றைப் பிசைந்தால் சோற்றிலும் கொஞ்சம் ஏறும். ஒருவேளை எங்கள் எல்லாருக்கும் வயிற்றில் இன்னும் ஒரு தீபாவளிப் படம் இருக்கக்கூடும்.

மத்தியானம் பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்காருவோம். யாருடைய டப்பா யாருக்கு என்கிற கணக்கே கிடையாது. என் கத்திரிக்காய் பேச்சியம்மாவின் தட்டில் கிடக்கும். பேச்சியம்மாவின் கருவாடு என் வாயில் இருக்கும். பேச்சியம்மாதான் எங்களில் மூத்தவர். யார் முகம் வாடியிருக்கிறது, யாருக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு முதலில் தெரியும்.

ஒரு வருஷம் ஆடி மாசம், தீபாவளி ஆர்டர் குவிந்துகிடந்த நேரத்தில், சுப்புத்தாய் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். ஏழாயிரம்பண்ணைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார். முன்னால் பட்டாசுக் கம்பெனியில் இருந்தவர் என்பது மட்டும் தெரியும். அதைவிட்டு ஏன் வந்தார் என்று கேட்டால், "ஒத்துக்கிடல" என்பார். என் பக்கத்தில்தான் அவருக்கு இடம். கை அப்படி வேகம். நான் ஒரு கட்டு முடிப்பதற்குள் ரெண்டாவது கட்டுக்கு நூல் போட்டுவிடுவார். அதுவே எனக்கு முதலில் பிடிக்கவில்லை.

அவரும் வட்டத்தில்தான் உட்காருவார். ஆனால் டப்பாவின் மூடியைப் பாதிதான் திறப்பார். அனேக நாளும் மொச்சைத் துவையல். ஒரு ஆளுக்கு அளந்து எடுத்த மாதிரி ஒரு உருண்டை. யாருக்கும் ஒரு விரல் கொடுக்க மாட்டார். நாங்கள் நீட்டினாலும் வாங்க மாட்டார். "இருக்கட்டும், நீங்க சாப்பிடுங்க" என்று சிரிப்பார். சாப்பிட்டு முடித்ததும் டப்பாவை ஒரு கலர் பேப்பரில் சுற்றிப் பைக்குள் அடியில் வைத்துக்கொள்வார்.

"குடுக்கவும் மாட்டா, வாங்கவும் மாட்டா. அவ மனசுல என்னமோ இருக்கு" என்றார் பேச்சியம்மா.

"அப்படி என்னக்கா இருக்கப்போவுது?"

"நீ சின்னப் பிள்ள. மருந்து வைக்கிறவளுக்குத்தான், அடுத்தவ வச்சுருவாளோன்னு பயம் இருக்கும்."

எங்கள் பக்கத்தில் மருந்து வைப்பது என்றால் சோற்றில் எதையோ கலந்து கொடுத்து ஆளை முடக்கிப்போடுவது. கண்ணால் பார்த்தவர் யாரும் கிடையாது, நம்பாதவரும் கிடையாது. அன்றிலிருந்து என் தண்ணீர்ச் செம்பைச் சுப்புத்தாய் அக்காவின் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றி வைத்தேன். அவர் அதைப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் மயில் லேபிள் விவகாரம் வந்தது. ஒரு பட்டாசுக் கம்பெனிக்காகப் புதிதாக ஒரு மயில் போட்டிருந்தார்கள். தோகை முழுக்கத் தங்கக் கலர். பெட்டியில் ஏறி வெளியே போகும்முன் அதே மயில், அதே தோகை, வேறொரு கம்பெனியின் பெட்டியில் கடைக்கு வந்துவிட்டது. ஆர்டர் கொடுத்தவர் நேரில் வந்து கத்திவிட்டுப் போனார். உள்ளிருந்து யாரோ ஒரு ஷீட்டைக் கடத்திவிட்டார்கள் என்று முதலாளி முடிவு கட்டினார். சூப்பர்வைசர் எங்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்.

என் முறை வந்தது. "நீ அந்த ஏழாயிரம்பண்ணைப் பொம்பள பக்கத்துலதான உக்காருத. எதுவும் பாத்தியா?"

நான் ஒன்றும் பார்க்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். "தெரியாதுங்க சார். தெனமும் டப்பாவ ஒரு கலர் பேப்பர்ல சுத்திக் கொண்டு போவாக. அம்புட்டுத்தான் தெரியும்" என்றேன். சொன்னது பொய்யில்லை. அச்சில் பாழாய்ப்போன வேஸ்ட் ஷீட்டை நாங்கள் எல்லாருமே அலமாரியில் விரிக்கவும் புத்தகத்துக்கு அட்டை போடவும் எடுத்துப்போவோம். அதை நான் சொல்லவில்லை.

சாயங்காலம் கேட்டில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். எனக்கு முன்னால் சுப்புத்தாய் அக்கா. மற்றவர்களின் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்ட சூப்பர்வைசர், அவருடைய பையை மட்டும் கவிழ்த்தார். டப்பாவைச் சுற்றியிருந்த பேப்பரை விரித்தால் போன வருஷக் காலண்டரின் கிழிசல். ஏதோ ஒரு மலை, ஒரு ஏரி. மயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். டப்பாவைத் திறக்கச் சொன்னார். அன்றைக்குப் பாதி உருண்டை மீதி இருந்தது. பேப்பர் வெட்டும் மேசையிலிருந்து எடுத்து வந்த இரும்பு ஸ்கேலால் அந்தத் துவையலைக் குத்திக் கிளறிப் பார்த்தார்.

சுப்புத்தாய் அக்கா அழவில்லை. சண்டை போடவும் இல்லை. குழாயடிக்குப் போய்த் துவையலைக் கொட்டி, டப்பாவைக் கழுவி, சேலை முந்தானையில் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏழாயிரம்பண்ணைக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று எழுத ஆசைதான். பாதி அதுதான். மீதிப் பாதி, என் சந்தேகம் தீரவில்லை. வேலையை விட்டு நின்றவர் வீட்டில் எதுவும் புதுசாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன்.

காய்ந்த காட்டை ஒட்டி வரிசையாக ஓட்டு வீடுகள். மூன்றாவது வீடு அவருடையது. புதுசாக ஒன்றும் இல்லை. பழசே குறைச்சல்தான். அவருடைய வீட்டுக்காரர் லோடு ஏற்றப் போயிருந்தார். சுப்புத்தாய் அக்கா அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து மொச்சையை அரைத்துக்கொண்டிருந்தார்.

"வாத்தா. ஆமத்தூர்ல இருந்தா இம்புட்டுத் தூரம் வந்த?"

"நீங்க வேலைக்கு வரலையேன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா."

"இனி அங்கன வரமாட்டேன்" என்றார். அம்மியை வழித்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னார். "முன்னால பட்டாசுல இருந்தப்ப மாரின்னு ஒருத்தி கூட இருந்தா. நானும் அவளும் ஒரே டப்பாலதான் திம்போம். ஒருநா இந்தத் தொவையல்தான் கொண்டு போனேன். நல்லாருக்குன்னு முக்காவாசி அவளே தின்னா. சாயந்தரம் வாந்தி, மயக்கம். வெயிலோ, பட்டாசு மருந்து நெடியோ, என்னன்னு தெரியல. நாலு நா ஆஸ்பத்திரில கெடந்தா. நான் வச்சுட்டேன்னு சொல்லிட்டாக."

"யாருக்கா சொன்னாக?"

"எல்லாரும்தான். பெறகு மாரியும் சொன்னா." கையில் ஒட்டியிருந்ததை வழித்து உருண்டையில் சேர்த்தார். "அதுல இருந்து யாருக்கும் குடுக்கிறதில்ல. வாங்கினா திருப்பிக் குடுக்கணுமில்ல, அதனால வாங்குறதும் இல்ல. ஒரு வம்பும் வேண்டாம்னுதான் அப்படி இருந்தேன்."

வம்பு வேண்டாமென்று அவர் செய்த ஒவ்வொன்றையும் நாங்கள் வம்பாக எண்ணியிருக்கிறோம். எனக்குத் தலை நிமிரவில்லை. அப்போது அவர் ஒரு தட்டில் சுடுசோறு போட்டு, நடுவில் குழித்து எண்ணெய் ஊற்றி, பக்கத்தில் துவையலை வைத்து என் முன்னால் தள்ளினார்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவ்வளவு கேட்ட பிறகும் என் கை தட்டுக்கு மேலே ஒரு நிமிஷம் நின்றது. அவர் அதைப் பார்த்துவிட்டார். என் தட்டில் இருந்த துவையலிலேயே ஒரு விரல் எடுத்துத் தன் வாயில் போட்டு, மென்று, முழுங்கினார்.

"இப்பத் தின்னுத்தா."

தின்றேன். அம்மியில் அரைத்ததால் அங்கங்கே ஒரு பருப்பு பல்லில் அகப்பட்டது. வத்தலும் பூண்டும் நாக்கைச் சுட்டன. ரெண்டாவது தரம் சோறு கேட்டு வாங்கினேன். எப்படிச் செய்வது என்று கேட்டதற்கு ஒன்றுவிடாமல் சொன்னார். தோலை ஏன் எடுக்க வேண்டும், எண்ணெயை ஏன் கடைசியில் ஊற்ற வேண்டும் என்பது வரைக்கும்.

கிளம்பும்போது கேட்டார். "பேப்பர்ல சுத்தி வைக்கேன்னு அந்த சூப்பர்வைசர்ட்ட யாரு சொன்னாகன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியலக்கா."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, விடு" என்றார். பிறகு மீதித் துவையலை வாழையிலைத் துண்டில் பொதிந்து, "வீட்டுல போய்ச் சாப்பிடு" என்று என் கையில் கொடுத்தார். மாரிக்குப் பிறகு அவர் கையால் துவையல் வாங்கியது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டதோ? தெரிந்திருந்தால் எதற்காகக் கொடுத்தார்? நான் தட்டில் தின்றது வேறு, இலையில் கட்டிக் கொடுத்தது வேறா? இல்லை என்று தெரியும். ஒரே அம்மியிலிருந்து வழித்ததை என் கண்ணால் பார்த்தேன். இருந்தும் பாதி வழியில், யாரும் கவனிக்காத நேரம் பார்த்து, பொட்டலத்தை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டேன்.

மயில் விஷயம் கொஞ்ச நாளில் வெளியே வந்தது. படம் வரைந்த ஆளே ஒரே மயிலை ரெண்டு இடத்துக்கும் வரைந்து கொடுத்திருக்கிறார். முதலாளிக்கு அது தெரிந்து ரெண்டு வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சுப்புத்தாயைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நான் வாயைத் திறக்கவில்லை. நாங்கள் மத்தியானம் வட்டமாக உட்காருவது மட்டும் தொடர்ந்தது. ஆனால் அந்தக் கேட் சோதனைக்குப் பிறகு ஒவ்வொருவராக டப்பாவின் மூடியைப் பாதி திறந்து வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தோம். யார் முதலில் ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

அந்தப் பிரஸ் இப்போது இல்லை. கட்டிடத்தில் மூன்று கடைகள் இருக்கின்றன. நாங்கள் சாப்பிட்ட இடத்தில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்துகிறார்கள். பேச்சியம்மா காலமாகிவிட்டார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போனபோது, வீட்டுக்காரரைக் காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். நான்தான்க்கா சொன்னேன், அவ்வளவுதான். வேறெதுவும் சேர்க்கக்கூடாது. ஆனால் அந்த ஓட்டு வீடுகளின் வரிசையே அங்கே இல்லை. நீளமாக ஒரு கோடவுனும் அதைச் சுற்றி ஆளுயரத்துக்குமேல் காம்பவுண்டுச் சுவரும் இருந்தன. கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"சுப்புத்தாயா? வீட்டுக்காரர் எறந்த பெறகு திருப்பூர்ப் பக்கம் போயிட்டாகன்னு எங்க அத்தை சொல்லும். இப்ப இருக்காகளோ என்னமோ." அந்தப் பெண் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?"

"கூட வேலை பாத்தவ" என்றேன்.

அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. வேன் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் அந்தச் சுவரை ஒட்டி நடந்து, மூன்றாவது வீடு எந்த இடத்தில் இருந்திருக்கும் என்று தேடிப் பார்த்தேன். சுவர் ஒரே மாதிரிதான் போய்க்கொண்டிருந்தது.