பயப்படாதே என்று சொல்லாத டாக்டர்

பாலக்கோட்டில் புளி மண்டி வைத்திருக்கும் பாய்தான் எனக்குச் செய்தி சொன்னார். “நர்ஸம்மா, உங்களுக்குத் தெரியாதுங்களா? நம்ம கோதண்டம் டாக்டர் தவறிட்டாருங்க. முந்தாநாளே எடுத்துட்டாங்களாம்.” சொல்லிவிட்டுத் தராசைக் கீழே வைத்துவிட்டார். அவர் மகளுக்குக் கழுத்துக் கட்டி அறுத்தபோது மயக்க மருந்து கொடுத்தவர் கோதண்டம் டாக்டர். “எம் மவ இன்னும் அவரு பேரச் சொல்லிக்கிட்டுத் திரியறா, அவகிட்ட எப்பிடிச் சொல்றது?” என்று என்னையே கேட்டார். நான் புளி வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் கத்தி பிடிப்பார், கோதண்டம் டாக்டர் குளோரோபாரம் கொடுப்பார், நான் குழந்தைகள் வார்டைப் பார்த்துக்கொள்வேன். போனவரைப் புகழ்ந்து எழுதுவதுதான் வழக்கம். எனக்கு அது வராது. அந்த மனிதரோடு நான் போட்ட சண்டைக்குக் கணக்கே இல்லை. மூக்குப்பொடி வாசம், எடுத்தெறிந்து பேசும் வாய், குழந்தையைப் பார்த்தால்கூடச் சிரிக்காத முகம். “பேய் மாதிரி நிக்காதீங்க டாக்டர், புள்ளைங்க பயந்துக்கும்” என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

ஏரியூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் குழந்தையை உங்களுக்கு நினைவிருக்கும். தேர் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். மேஜையைக் கண்டதும் தெரிந்துகொண்டது. நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்தோம். கத்தக் கத்தக் கோதண்டம் டாக்டர் மயக்க மருந்து முகமூடியை வைத்தார். கத்தி மேலே படுவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது. இதயம் பலவீனம் என்றார் பெரிய டாக்டர். “பலவீனம் இல்ல. பயம். பயந்த நெஞ்சுக்கு இந்த மருந்து விஷம்” என்றார் கோதண்டம் டாக்டர். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. திமிறுகிற குழந்தைக்கு இனி என் கையால் மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலை அவர் வார்டுக்கு வர ஆரம்பித்தார். மிட்டாய், கதை எதுவும் கிடையாது. குழந்தையின் கட்டிலில் உட்கார்ந்து கம்பியும் துணியுமான அந்த முகமூடியை அதன் கையிலேயே கொடுப்பார். முதலில் தன் முகத்தில் அதை வைத்துப் பார்க்கச் சொல்வார். பிறகு சொல்வார்: “இது இனிப்பா நாறும். தல சுத்தும். காதுல வண்டு கத்தற மாதிரி இருக்கும். அப்புறம் ஒண்ணும் தெரியாது. எழுந்தா வலிக்கும். அழலாம். இந்த நர்ஸம்மா அழக்கூடாதும்பாங்க, நீ பாட்டுக்கு அழு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வலிக்கும் என்று ஏன் சொல்ல வேண்டும்? பயப்படாதே கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? கேட்டேன். “பயப்படாதேன்னு சொல்றது நம்ம நிம்மதிக்கு நர்ஸம்மா. புள்ளைக்கு அதனால ஒரு பிரயோசனமும் இல்ல” என்றார். ஆனால் குழந்தைகள் அவரிடம் அடங்கின, அதை நான் மறைக்க மாட்டேன். அவர் சொன்னபடியே தலை சுற்றும், வண்டு கத்தும். சொன்னது சொன்னபடி நடக்கிறதென்றால் இந்த ஆளை நம்பலாம் என்று அதுகளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மாதுவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. வத்தல்மலைப் பையன், தகப்பன் இல்லாதவன். மூத்திரப்பையில் கல். தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியிருந்தார்கள். தாய் வராந்தாவிலேயே கிடந்தாள். வழக்கம்போல டாக்டர் முந்தைய நாளே எல்லாம் சொல்லிவிட்டார். பையனும் தலையாட்டினான். காலையில் வார்டு ஆள் அவனைக் குளிப்பாட்டி, இடுப்பில் இருந்த அரைஞாண் கயிற்றைக் கத்தரித்துப் போட்டுவிட்டு உள்ளே அனுப்பினான். யாருக்கும் அப்படித்தான் செய்வது, அதில் ஒன்றும் புதிதில்லை.

மேஜைமேல் படுத்தவன் அழவில்லை, அசையவில்லை. “சமர்த்துப் பிள்ளை” என்றேன் நான். கோதண்டம் டாக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவர் முகமூடியைக் கீழே வைத்தார். “என்னடா மாது?” என்று குனிந்து கேட்டார்.

“எங்கப்பனுக்கும் அரணாக்கயித்த அறுத்தாங்க. அறுத்துட்டுத்தான் கொண்டுபோயிப் பொதச்சாங்க” என்றான் பையன்.

செத்தவனுக்குத்தான் கயிற்றை அறுப்பார்கள். அவன் தன்னைச் செத்தவன் கணக்கில் சேர்த்துவிட்டுப் படுத்திருந்தான். நாடி என்னமாய் ஓடியது! இன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்றார் கோதண்டம் டாக்டர். பெரிய டாக்டர் கையுறையைக் கழற்றி எறிந்தார்.

வேறு கயிறு கட்டுகிறேன் என்று நான் எடுத்துப் போனேன். பையன் ஒப்பவில்லை. “மாமன்தான் கட்டோணும்” என்றான். தாய்மாமன் மலைமேல் இருந்தான். ஆள் அனுப்பினோம். மழை பிடித்துக்கொண்டதில் போன ஆள் திரும்ப நாளானது. ரப்பர் குழாய் விட்டு மூத்திரத்தை எடுத்துப் பார்த்தோம், குழாயும் அடைத்துக்கொண்டது. பையனுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது. “ஒரு முழக் கயித்துக்காக ஒரு உசிர நிறுத்தி வெப்பீங்களா? உங்களுக்கு மனசாட்சி இருக்கா?” என்று வார்டில் எல்லோரும் கேட்கக் கத்தினேன். அவர் பையனின் நெற்றியில் ஈரத் துணியை மாற்றிக்கொண்டிருந்தார்.

ஒரு வழியாக மாமன் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தான். கயிற்றைக் கொதிக்க வைத்து, கத்தி படாத இடமாக நெஞ்சைச் சுற்றிக் கட்டச் சொன்னார் டாக்டர். “எடம் மாறுனா பரவால்லியாடா?” என்றார். “அறுக்காம இருந்தாச் சரி” என்றான் மாது. “தூங்குனா எழுந்திருப்பனா?” என்றும் கேட்டான். “நீ எழுந்திருப்பேன்னுதான் நெனக்கிறேன். எழுந்திருக்கற வரைக்கும் நான் எங்கியும் போவ மாட்டேன்” என்றார். பையன் தானாகவே முகமூடியை இழுத்து வைத்துக்கொண்டான்.

கல்லை எடுத்தார்கள். எழுந்தான். கஞ்சி குடித்தான். ஆனால் காய்ச்சல் விடவில்லை. சில நாளில் போய்விட்டான். காத்திருந்ததுதான் கொன்றது என்று பெரிய டாக்டர் எல்லோர் எதிரிலும் சொன்னார். கோதண்டம் டாக்டர் மறுக்கவில்லை. நேராக வராந்தாவுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன், அந்தத் தாய் அவரை மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு.

அவள் தூற்றவில்லை. “எம்புள்ள பயப்படலீங்க சாமி. எங்கிட்டயே வெவரமாச் சொன்னான், வண்டு கத்தும் ஆத்தா, தல சுத்தும் ஆத்தான்னு. நாந்தானுங்க பயந்து செத்தேன். உள்ள கூட்டிப் போனீங்க, திருப்பிக் கொண்டாந்து போட்டீங்க. பொழைக்காதுன்னுதான் திருப்பிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு நான் கெடந்தேன். எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலியே!” என்றாள்.

எனக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. கோதண்டம் டாக்டர் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். ஏன் நிறுத்தினோம், ஏன் மாமனுக்குக் காத்திருந்தோம், எப்படி அறுத்தோம் என்று ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். “காத்திருக்காம இருந்திருந்தாப் பொழச்சிருப்பானோ என்னவோ. அப்பவே மயக்கம் குடுத்திருந்தா மேஜையிலயே போயிருப்பானோ என்னவோ. எனக்குத் தெரியல ஆத்தா” என்றார். “ரொம்ப வலிச்சுதுங்களா அவனுக்கு?” என்று கேட்டாள். “வலிச்சுது” என்றார். நான் அவர் வாயை மூடப் பார்த்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டாள். “சொல்லட்டும் வுடுங்கம்மா” என்றாள்.

அதற்குப் பிறகு அவர் தாயையும் கட்டிலில் உட்கார வைத்துக்கொண்டுதான் குழந்தையிடம் பேசினார். அந்தக் கயிற்றுக்காகக் காத்திருந்தது சரியா தப்பா என்று இத்தனை வருஷமும் மனசுக்குள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். இனி யாரோடு போடுவது? பாவி மனுஷன், பதில் சொல்லாமலே போய்விட்டார்.

அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது ஒன்று இருக்கிறது. இப்போதும் குழந்தையை ஆபரேஷனுக்கு உள்ளே விட்டுக் கதவைச் சாத்தியதும் நான் வெளியே வந்து தாயின் பக்கத்தில் தரையில் உட்காருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரியாது என்கிறேன். கேட்டுவிட்டுச் சிலர் என்னைச் சபித்திருக்கிறார்கள். ஒருத்தி அறைந்தும் இருக்கிறாள். எழுந்து ஓடிவிடலாமா என்று ஒவ்வொரு தடவையும் இருக்கும். உட்கார்ந்தேதான் இருக்கிறேன்.