விரி, பிடி, இழு

வலது கை விரல்கள் முழுதாக விரிகின்றன. பிறகு கூடி ஊசியைப் பிடிக்கின்றன. நூல் பட்டனின் துளை வழியே ஏறி, இழுபட்டு நிற்கிறது. உதடுகள் ஓசையில்லாமல் அசைகின்றன: விரி, பிடி, இழு.

தையற்காரருக்குத் தெருவில் ரேடியோ என்று பெயர். தைத்துக்கொண்டே பேசுவார், வாய் ஓடும் வேகத்துக்குக் கையும் ஓடும். துணி கொடுக்க வந்தவர்களைவிட அவரிடம் வாய் கொடுக்க வந்தவர்களே அதிகம். பார்க்கின்சன் நோய் வந்தபின் மெஷினை மனைவி எடுத்துக்கொண்டாள். பட்டன் தைப்பது மட்டும் அவருக்கு மிஞ்சியது. அதுவும் தொங்கலாக நின்று, சட்டைகள் திரும்பி வந்தன.

"நம்ம பஸ் டிரைவர் அண்ணன் சட்டையில ஒரு பட்டன் தொங்கினாலும் கடையப் பூட்டிடலாம். நான் ஒருத்தி எத்தனையத்தான் பார்க்கிறது?" என்றாள் மனைவி. அதில் கோபமில்லை, அசதி.

ஆஸ்பத்திரியில் கைப்பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட், முதலில் பிசைவதற்குக் களிமண்ணும் பிறகு பெரிய பட்டன்களும் கொடுத்துப் பார்த்தார். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கை நன்றாகவே வந்தது. தையற்காரர் பேசத் தொடங்கியதும் நின்றது.

"ஐயா, உங்க கை இப்ப ஒரு நேரத்துல ஒரு வேலையத்தான் தாங்கும். தைக்கும்போது பேசாதீங்க. செய்யப்போறத மட்டும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே செய்யுங்க."

"வாய மூடுறதுக்கும் மாத்திரை இருக்காம்மா?"

"அது இன்னும் வரலைங்க ஐயா."

பஸ் டிரைவர் நாளை ஓய்வு பெறுகிறார். அந்த வழியனுப்பு விழாவுக்குத்தான் இந்தச் சட்டை. தன் மனைவி இறந்தபின் டியூட்டி இல்லாத நேரமெல்லாம் அவர் இந்தக் கடை முக்காலியில்தான் இருப்பார். இன்றும் வந்து உட்கார்ந்தார்.

"என்ன ரேடியோ, பாட்டரி தீந்துபோச்சா? நாளைக்கு மேடையில என்னடா பேசுறது?"

விரி, பிடி.

"உன்னத்தான்டா."

"நீ எதுக்குப் பேசணும், ரெண்டு தடவ ஹாரன் அடிச்சுட்டு..."

ஊசி அந்தரத்தில் நின்றுவிட்டது. நூல் தளர்ந்து பட்டன் சாய்ந்தது. மனைவி மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவர் நூலை வெட்டி, அந்தப் பட்டனை முதலிலிருந்து தொடங்கினார்.

"பெரிய மனுஷன் ஆயிட்டாரு, நம்மகூடல்லாம் பேச மாட்டாரு."

"கோச்சுக்காதீங்கண்ணே. பேசினா அவருக்குக் கை நின்னுடுது" என்றாள் மனைவி.

டிரைவர் அப்போதுதான் அந்தக் கையைக் கூர்ந்து பார்த்தார். "சரிம்மா" என்றார். மனைவி மறுபடி மெஷினை ஓட்டினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்துபோய் வாசலில் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

கடைசி முடிச்சு விழுந்தது. தையற்காரர் சட்டையை மடித்து நீட்டினார். டிரைவர் ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. மனைவி பெருமூச்சு விட்டாள்.

இப்போது கையில் ஊசி இல்லை, பேசலாம். பாதியில் விட்ட ஹாரன் பேச்சைச் சொல்லி முடிக்கத் தையற்காரர் வாயைத் திறந்தார்.

"வேணாம்டா. கைக்கு ஆகாது" என்று தடுத்துவிட்டு, டிரைவர் இரண்டு கைகளாலும் சட்டையை வாங்கிக்கொண்டார்.