கோப்பையில் போடாத சீனி

பவுலினாக்காவைப் பொய்க்காரி என்று மூன்று வருஷம் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவைப் பார்ப்பது என் வேலை. விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பேன், படிவத்தில் இருக்கும் கேள்விகளைக் கேட்பேன், அடுத்த வீட்டுக்கு ஓடுவேன். பவுலினாக்கா மேல் லய வரிசையில் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவள். புருஷன் செத்துப் பல காலம். ஒரே மகள் டிலக்ஷிக்குக் குவைத்தில் வீட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்துப் பேசுவாள், அதுவும் எல்லா ஞாயிறும் இல்லை.

அக்காவின் சீனி ஒருநாளும் முந்நூற்றுக்குக் கீழே இறங்கியதில்லை.

“குளிசை போடுறீங்களா?”

“தவறாம போடுறேன் தங்கச்சி.”

“தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களா?”

“மாதா சத்தியமா இல்ல. ஒரு துளி போடுறதில்ல.”

பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ‘இல்லை’ என்று எழுதுவேன். “இருந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயேன்” என்பாள். ஒவ்வொரு தடவையும் சொல்வாள். “இன்னும் பன்னிரண்டு வீடு கிடக்குக்கா” என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். திரும்பிப் பார்த்தால் வாசலிலேயே நிற்பாள்.

போன நவம்பரில் ஒரு நாள் பேய் மழை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருப்பதில் நல்ல கோப்பைகளாக இரண்டைத் தேடிக் கழுவிப் பால் சேர்க்காத சாயத் தேத்தண்ணி ஊற்றினாள். சொன்னது மெய்தான், கோப்பையில் சீனி விழவில்லை. பிறகு டப்பாவைத் திறந்து, என் கையை இழுத்து, உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைக் கொட்டினாள். தன் கையிலும் கொட்டிக்கொண்டாள். ஒரு நக்கு, ஒரு மிடறு.

எனக்கு வந்ததே கோபம்!

“இது என்னக்கா?”

“நீதானே தேத்தண்ணிக்குப் போடக் கூடாதுன்ன? நான் எங்க போட்டேன்?”

நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டேன். ஆறேழு இருக்கும் என்றாள். “பேச ஆள் இல்ல. சும்மா இருக்க முடியாம அடுப்ப மூட்டிடுவேன்.”

எங்கள் அம்மாவும் அப்படித்தான் குடித்தாள், சின்ன வயதில் நானும் நக்கியிருக்கிறேன். படிவத்தில் அந்தக் கேள்வி இல்லையென்று ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே, மடச்சி!

காலைக் காட்டச் சொன்னேன். பெருவிரலுக்கு அடியில் புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது. “வலிக்கவே இல்லியே” என்று சிரித்தாள். வலி தெரியாமல் போவதும் இந்த வருத்தத்தின் வேலைதான். மறுநாளே கடிதம் கொடுத்துப் பதுளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றிவிட்டேன். கூடப் போகவில்லை. எனக்கு வீடுகள் கிடந்தன.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

“ஷிரோமிங்களா? உடனே வாங்க. பாதத்த எடுக்கணும். சொந்தக்காரங்கன்னு உங்க பேரத்தான் குடுத்திருக்காங்க.”

அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கட்டிலில் அக்கா சின்னப் பிள்ளை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தாள். தாதி பேனாவோடு நின்றாள். “நீங்க இவங்களுக்கு என்ன முறை?”

அக்காதான் சொன்னாள்.

“எங்க வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கிற புள்ள.”

கையெழுத்துப் போட்டேன். அவள் வீட்டில் நான் குடித்தது அந்த ஒரே ஒரு நாள்தான்.