டயரைக் குத்தியவர்

எழுபதுகளின் நடுவில், புது டயர் கிடைப்பதே அரிதாக இருந்த காலத்தில், நான் இலங்கையின் மாத்தளையில் ஒரு முதலாளியின் ஹயர் காரை, அதாவது வாடகைக் காரை, ஓட்டிக்கொண்டிருந்தேன். காற்றடிக்கப் போகும் கடையில் டயர் ஒட்டும் முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார்; நானா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். குட்டையான உருவம், இடுப்பில் கட்டிய சாரமெல்லாம் ரப்பர் பசை. யாரும் கேட்காமலே நான்கு டயரையும் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார், பார்த்துவிட்டுத் திட்டுவார்.

அன்று காரில் கண்டிக்குப் போகும் ஒரு தாயும் மூன்று சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். முன் டயரைத் தடவியவர் கொதித்துப் போனார்.

“மொட்டையாத் தேஞ்சு உள்ள நூல் தெரியுது. இதுல பலகடுவ மலை வளைவுல எறங்கப் போறியா?”

“முதலாளி அடுத்த மாசம் மாத்துறேன்னாரு, நானா. இந்த ஒரு ஹயர் மட்டும் போயிட்டு வந்துடுறேங்க.”

அவர் கத்தியை எடுத்து டயரின் பக்கவாட்டில் குத்திக் கிழித்துவிட்டார். நான் அவர் சட்டையைப் பிடித்தேன். பிள்ளைகள் அழுதார்கள். தாய் அவர்களை இறக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

மாலைக்குள் என் வேலை போயிற்று. நேரே கடைக்குப் போய், “என் சோத்துல மண்ணப் போட்டுட்டீங்களே!” என்று கத்தினேன்.

அவரும் கத்தினார். “ஒன் மொதலாளிக்கிட்டக் கத்தத் தைரியமில்ல. இங்க வந்து கத்துறியா?”

மூன்று மாதம் வேலையில்லாமல் அலைந்தேன். அவரை மன்னித்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வரும்போது மட்டும், கோபம் என் பக்கமே திரும்பிவிடுகிறது.