வலிக்காத கால்

ஆவணி பிறந்தாலே எனக்குப் பயம். காரைக்காலிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடக்கிறவர்கள் காவி உடுத்தும் மாதம் அது. என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெறுங்காலோடு நடப்பவர். சர்க்கரை வந்து பாதம் மரத்துப்போன பிறகும் நிறுத்தவில்லை. போன வருஷம் நடந்துவிட்டு வந்ததில் இடது கால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டுப் பிரிக்கும்போது டாக்டரம்மா சொன்னார்:

"இனிமே வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணுங்க. அடுத்த தடவ விரலோட நிக்காது."

சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கிற மெத்துமெத்தென்ற செருப்பை வாங்கி வந்து வாசலில் வைத்தேன். அவர் டீக்கடைக்குக் கிளம்பும்போது சொல்வேன், சாப்பிட வந்தால் சொல்வேன். "ரேடியோவப் போட்டுட்டா" என்பார். இந்த ஆவணியிலும் காவி வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டார்.

"மாதாவுக்கு நடக்குற காலுடி. மாதா பாத்துக்குவா."

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, நீங்க வரலன்னா திருவிழாக் கொடி ஏத்த வேணாம்னு மாதா சொல்லிட்டாங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அவர் வழியில் இருக்கும்போது எங்கள் தெருவில் அன்பியக் கூட்டம், கோயில் குடும்பங்கள் வீட்டில் கூடி ஜெபிப்பது. வாசகம் படிக்கிற முறை எனக்கு. பைபிளில் எரேமியா புத்தகம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். கோயில் இருக்கிறது, பலி கொடுக்கிறோம், நமக்கு என்ன ஆகப்போகிறது என்று அந்த ஜனங்கள் தைரியமாக இருக்கிறார்கள். கடவுளோ, பலியா கேட்டேன், சொன்னதைக் கேளுங்கள் என்றுதானே சொன்னேன் என்கிறார். ஆள் மாற்றி ஆள் அனுப்பியும் யாரும் காது கொடுக்கவில்லை. ஓரிடத்தில் இறைவாக்கினர் எரேமியாவையே தடுத்து, இனி இவர்களுக்காக என்னிடம் மன்றாடாதே என்று சொல்லிவிடுகிறார். அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். பக்கத்திலிருந்தவர் வாங்கிப் படித்து முடித்தார்.

கடவுள் கோபமாகப் பேசுவதுதான் பயங்கரம் என்று அதுவரை நினைத்திருந்தேன். பேசாமல் விட்டுவிட்டால்? சூடு தெரிகிற கால் தார் ரோட்டைவிட்டுத் தானே விலகும். என் வீட்டுக்காரர் கால் எத்தனை வருஷம் சொல்லிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டதோ!

திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"பாத்தியா? இத்தூண்டு வலி இல்ல."

டார்ச் அடித்து இடது பாதத்தைப் பார்த்தேன். தோல் வெந்து வெளுத்திருந்தது. பெருவிரலுக்கு அடியில் ஒரு கண்ணாடிச் சில்லு. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். அவர் கொடியேற்றக் கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். இழுத்தது தெரியவே இல்லை. சில்லு வந்ததும் ஒரு வாடை வந்தது. போன வருஷம் வந்த அதே வாடை.

சில்லை அவர் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா புள்ள, திட்டலயா?"

நான் ஆட்டோவுக்கு போன் பண்ணினேன்.

"ஏதாச்சும் சொல்லு புள்ள."

திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி எடுத்தேன். வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

"அந்தச் செருப்ப எடு" என்றார், அவராகவே.

எடுத்துவந்து குனிந்து மாட்டிவிட்டேன். வலது கால் நுழைந்துவிட்டது. இடது கால் வீங்கியிருந்தது. பட்டையை முழுக்கத் தளர்த்தியும் நுழையவில்லை.